தொட்டிக்குப் பின்னால் எட்டு நட்சத்திரங்கள்

அத்தியாயம் 17

வாராவாரம் இந்தக் குடும்பத்தை எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். மூன்றாவது மாடி, இடது பக்க வீடு. தையல் மிஷின் சத்தம் கேட்கும். தவறவே விட முடியாது.

மிஷினில் உட்கார்ந்திருக்கிறவள்தான் தையலக்கா. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கிறது, ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. இரண்டு பள்ளிக்கூடங்களுக்கு யூனிஃபார்ம் தைக்கிறாள். அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். டிப்போவில் அவருக்கு 'அஞ்சு நிமிஷம்' என்று பட்டப்பேர். எந்த டிரிப்பானாலும் ஐந்து நிமிடம் முன்னதாகவே ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருப்பாராம். கல்யாணத்துக்கே முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் தாலியைக் கையில் எடுத்தவர் என்று சொல்வார்கள். இருபத்தாறு வருஷ சர்வீஸில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம்.

ஒரே மகள். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம், அறிமுக வானியல்.

இந்த வானியல் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து தையலக்காவுக்குச் சரியான தூக்கம் இல்லை. ஏன் என்று போன மாதமே உங்கள் காதில் போட்டேன். வீட்டுக்காரருக்கு இருட்டில் கண் தெரிவதில்லை. பகலில் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசிப்பார். டிப்போவின் வருடாந்தரப் பரிசோதனையில் டாக்டர் தட்டிக் கொடுத்து அனுப்புகிறார். பொழுது சாய்ந்தால் போதும், பக்கத்தில் நிற்கிற பெண்டாட்டியே நிழலாகிவிடுவாள். தூரத்து ஊர் ஒன்றில் கண் டாக்டரிடம் ரகசியமாகப் போய்க் காட்டியபோது, விழித்திரை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கருகிக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து இல்லை, ராத்திரியில் வண்டியைத் தொடவே கூடாது என்றார். ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். தையலக்கா அதை நான்காக மடித்துப் பட்டன் டப்பாவின் அடியில் போட்டு, மேலே பட்டனைக் கொட்டி மூடிவிட்டாள்.

சீட்டில் இரண்டு வரி. முதல் வரியைத்தான் அவள் ஞாபகம் வைத்திருக்கிறாள். இரண்டாவதைப் படித்த கையோடு மறக்கப் பழகிக்கொண்டாள்.

டிப்போவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஸ்டியரிங் போய்விடும். அதனால் ஒரு ஏற்பாடு. காலை ஷிஃப்ட் பிடிக்காத குள்ள டிரைவர் ஒருவர் இருக்கிறார், சேவல் கூவினால் சண்டைக்குப் போகிற ஜாதி. சாயங்கால டிரிப் எல்லாம் அவருக்கு, காலை டிரிப் எல்லாம் இவருக்கு. பதிலுக்கு அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் யூனிஃபார்ம் தையலக்கா கையால். பதினான்கு மாதமாக ஏற்பாடு ஒரு தையல்கூடப் பிரியாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலை வரைக்கும்.

மகள் வாயில் ரொட்டித் துண்டும் கையில் ஒரு தாளுமாக மிஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, என் மானம் போச்சு. மேடம் சிவப்புல கிழிச்சு வெச்சிருக்காங்க."

"என்ன தாளு அது?"

"நம்ம நட்சத்திர எண்ணிக்கை."

தையலக்காவின் கால் மிஷின் மிதியிலேயே நின்றுவிட்டது.

அந்த நட்சத்திர எண்ணிக்கையைத்தான் போன மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். வகுப்பில் எல்லோருக்கும் அதே பயிற்சி: ஊர் வெளிச்சத்தில் வானத்தில் எத்தனை நட்சத்திரம் தப்பிப் பிழைத்திருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். துணி சுற்றி வருகிற அட்டைக்குழாயை மூன்றாக வெட்டினார்கள். மொட்டை மாடியில் மகள் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டாள். வட்டத்துக்கு ஒருவராக நின்று, குழாயை ஒற்றைக் கண்ணில் வைத்து, நான்கு திசையிலும் தெரிவதை எண்ணிச் சொல்ல வேண்டும். ஐந்து நாள். மொத்தம் ஆளுக்கு இருபது எண்.

மாட்டேன் என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொல்ல முடியாது. அதனால் தையலக்கா ஒரு தந்திரம் செய்தாள். அவள் முதலில் உரக்கச் சொல்வாள்: "கிழக்கு ஒம்பது!" வீட்டுக்காரர் கொஞ்சம் கழித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எட்டு!" என்பார். அச்சு அசலாக ஒரே எண் சொன்னால் சந்தேகம் வரும் அல்லவா? ஆகவே ஒன்று குறைத்துச் சொல்லச் சொல்லியிருந்தாள். தையல்காரி மூளை, எந்தத் துணியானாலும் அரை இன்ச் விட்டுத்தான் வெட்டும்.

"என்ன எழுதியிருக்காங்க?" என்றாள், நூலைக் கோக்கிற பாவனையில்.

மகள் மேடத்தின் குரலிலேயே வாசித்தாள். "பார்ப்பவர் இரண்டு, பார்ப்பவர் ஒன்றைவிட எப்போதும் ஒன்று குறைவு. இருபது முறையும். கண்கள் இப்படி ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. ஒவ்வொருவரும் நின்ற இடத்திலிருந்து அடிவானத்தை வரைந்து இரண்டு நாளைக்குள் கொடுக்கவும்."

"உங்க மேடத்துக்கு வேற வேலை இல்லையா?"

"வகுப்புல எல்லாரும் சிரிக்கறாங்கம்மா. உங்கப்பா உங்கம்மாவைவிட ஒண்ணு கம்மியா பாக்கறது எல்லா வீட்லயும் நடக்கறதுதான்னு ஒருத்தன் சொல்றான்."

"பின்ன? அதான் உண்மை."

"போம்மா. பின்பக்கம் எனக்கும் தனியா ஒரு திட்டு இருக்கு. அத விடு."

விட்டுவிட்டாள். பெண்ணுக்கு விழுந்த திட்டைப் பற்றி யோசிக்கிற நிலையிலா இருந்தாள்?

அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு அக்கா, தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்குகிற சாக்கில் உள்ளே வந்தாள். அந்தச் சாக்கு இல்லாவிட்டால் வேறு சாக்கு. இந்தக் கட்டடத்தில் யார் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று சொல்லக்கூடியவள்.

"ஏம்மா ஜோசியக்காரி, என் தம்பிக்குக் கல்யாணம் எப்போன்னு பாத்துச் சொல்ல மாட்டியா?"

"அக்கா, நான் படிக்கறது ஜோசியம் இல்ல."

"எல்லாம் ஒரே வானந்தானே? நீங்க மேல பாத்துச் சொல்றீங்க, அவங்க கட்டத்தப் பாத்துச் சொல்றாங்க."

மகள் சிரித்துக்கொண்டே பையை மாட்டினாள். "சாயங்காலம் எங்க வகுப்புக்கு முதல் களப் பயணம். நட்சத்திரம் பாக்கற நோக்குத் திடலுக்குப் போறோம். தனி பஸ். வந்து உங்க தம்பிக்கு ஒரு வழி சொல்றேன்."

"ஏரிக்கரை தாண்டியா? அந்த ரோடு ராத்திரியில ஜிலுஜிலுன்னு விளக்கெரியுமே."

"இன்னைக்கு எரியாது. எங்க துறையில கேட்டு வாங்கியிருக்காங்க. ஆறே முக்காலுக்குக் கரை விளக்கு மொத்தமும் அணைச்சிருவாங்க. திடலுக்குள்ள திரும்பினதும் பஸ்ஸோட பெரிய லைட்டையும் அணைச்சுட்டு, சின்ன லைட்டுல ஊர்ந்து வரணும். இல்லன்னா இருட்டுக்குப் பழகின கண்ணு எல்லாம் கெட்டுப்போயிடும். போனையும் அணைச்சு வெச்சிரணும்."

அவள் படியிறங்கிப் போனதும் கீழ்வீட்டு அக்கா குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்தினால் இரண்டு வீட்டுக்குக் கேட்கும், தாழ்த்தாவிட்டால் நான்கு.

"சொல்றேன்னு தப்பா நெனைக்காத. உம் பொண்ணுக்குக் காலேஜ் போனதும் திமிர் ஏறிடுச்சு. முந்தாநாள் கருக்கல்ல படியேறி வரா. எதிர்ல நான் நிக்கறேன், தண்ணி பக்கெட்டோட. பாத்தும் பாக்காத மாதிரி வந்து பக்கெட்டை எட்டி உதைச்சுட்டு, யாருன்னு கேக்கறா. என்னை! யாருன்னு!"

"ஏதோ படிப்பு ஞாபகத்துல வந்திருப்பா, அக்கா."

"இந்த மூஞ்சிய மறக்கற அளவுக்கு என்ன படிப்பு?"

தையலக்கா ரவிக்கையை மடித்துக் கொடுத்தாள். அவள் மனசு ஏரிக்கரையில் இருந்தது. நல்லவேளை, அந்தத் தனி பஸ் சாயங்கால டிரிப், குள்ள டிரைவர் தலையில் போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போனாள். மகள் வகுப்பு முடிந்து அவளுக்கு முன்பே அங்கே வந்து, மாடிப்படி அறையின் சுவரோரம், அப்பாவின் சாக்பீஸ் வட்டத்துக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் அட்டைக்குழாய். மடியில் வரைபடத் தாள்.

"அம்மா, இங்க வா. இத ஒரு தடவ பாரு."

"துணி எடுக்கணும்டி."

"துணி ஓடாது. வா."

குழாயை வாங்கிக் கிழக்கே நீட்டிப் பார்த்தாள். கறுப்பு. இடம் வலம் அசைத்தாள். அப்போதும் கறுப்பு. குழாயை இறக்கினாள். எதிரே, மாடிப்படி அறையின் மேலே, யானைக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி.

பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிற தொட்டி. தினமும் பார்க்கிற எதை யார் பார்க்கிறார்கள்? இந்த மூலையை வீட்டுக்காரருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே தையலக்காதான். பக்கத்தில் சுவர் இருக்கிறது, பிடித்துக்கொண்டு நிற்பார், தடுமாற மாட்டார் என்று. மாடியிலேயே பத்திரமான இடம். மாடியிலேயே கிழக்கு தெரியாத இடமும் அது ஒன்றுதான்.

"அஞ்சு நாளும் அப்பா கிழக்குல நட்சத்திரம் சொன்னாரும்மா," என்றாள் மகள். "முதல் நாள் எட்டு. தொட்டிக்குப் பின்னாடி எட்டு நட்சத்திரம்! பிளாஸ்டிக்கைத் துளைச்சுப் பாக்கற கண்ணு. அவரைத்தான் எங்க துறையில வேலைக்கு வெக்கணும்."

"கொஞ்சம் நகந்து நின்னிருப்பாரு."

"வட்டம் போட்டது நான். நகரணும்னா சுவரை விடணும். அவரு அஞ்சு நாளும் சுவர விடவே இல்லையே, நான்தான் கேலி பண்ணிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு மகள் நிறுத்தினாள். தன் வாயிலிருந்து வந்ததைத் தானே திரும்பக் கேட்கிற முகம்.

"ஏம்மா விடல?"

"வயசாகுதுல்ல."

"அம்மா."

"உனக்கு ஒத்தாசை பண்ண வந்தவரு அலுப்புல ஏதோ ஒரு நம்பர் சொல்லியிருப்பாரு. அதுக்குப் போயி போலீஸ் மாதிரி…" தையலக்கா கொடியிலிருந்த சட்டைகளைக் கிளிப்போடு சேர்த்து உருவினாள். இரண்டு கிளிப் கீழே விழுந்து உருண்டன. அவள் எதையும் கீழே விட்டுப் போகிறவள் இல்லை. இன்று விட்டுப் போனாள்.

மூன்றரை மணிக்குப் படியில் சீட்டி சத்தம். அஞ்சு நிமிஷம் வந்துவிட்டார். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் ஒன்றைத் தோளில் தொங்கப்போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி வாசலில் நின்றார்.

"இந்த வீட்ல ஒரு மகாராணி இன்னைக்கு நட்சத்திரம் பாக்கப் போறாங்களாமே? அவங்க தேருக்குச் சாரதி யாரு, சொல்லுங்க பாப்போம்?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்குக் கீழே இருந்த துணி முடிந்துபோன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

"குள்ளத் தம்பிதானே?" என்றாள்.

"அவனுக்குத்தான் போட்டிருந்தாங்க. நான் விடுவேனா? என் பொண்ணு வகுப்புடா, நான்தான் ஓட்டுவேன்னு டைம் கீப்பர்கிட்டச் சண்டை போட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். நாப்பது பிள்ளைங்க. ஆறரைக்கு வண்டி. வாத்தியாருங்க எல்லாம் வராங்களாம். வகுப்புல போய்ச் சொல்லு கண்ணு, டிரைவரு எங்கப்பான்னு," என்று வீட்டுக்குள் பொதுவாகக் குரல் கொடுத்தார்.

கையில் வரைபடத் தாளோடு மகள் உள்ளறை வாசலில் நின்றிருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். நேரே பார்த்தால்தான் அவருக்குத் தெரியும்.

"அப்பா," என்றாள், ரொம்பச் சாதாரணமாக. "கிழக்குல எட்டு எண்ணினீங்களே. எந்த எட்டு?"

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையைத் திருப்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பையன் பக்கத்து பெஞ்சைப் பார்ப்பானே, அந்தப் பார்வை.

அது மகள் கண்ணுக்குத் தப்பவில்லை. பகல் வெளிச்சத்தில் அவளுக்கு எதுவுமே தப்பாது.

"அம்மாதான் எண்ணினா, இல்ல?"

கீழ்வீட்டில் யாரோ ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்கள். யாரென்று நான் சொல்ல வேண்டுமா?

தையலக்கா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பதினான்கு மாதத்துக் கதையைச் சொல்லி முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. மறைக்கத்தான் அத்தனை நாள் ஆகிறது.

"நேரா பாக்கறதெல்லாம் நல்லாத் தெரியுது கண்ணு," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஓரந்தான் கொஞ்சம் இல்ல. அப்புறம் ராத்திரி."

"ஓரமும் இல்ல, ராத்திரியும் இல்லன்னா மிச்சம் என்னப்பா இருக்கு?"

"ரோடு மனப்பாடம். ஏரிக்கரையில எந்த விளக்குக் கம்பத்துக்கு அப்புறம் திருப்பம்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன்."

"இன்னைக்குக் கம்பம் எதுவும் எரியாதுங்க," என்றாள் தையலக்கா. காலையில் கேட்டதை எல்லாம் சொன்னாள்: ஆறே முக்கால், கரை விளக்கு, திடலுக்குள் சின்ன லைட்.

அவர் கை, தோளில் கிடந்த சட்டையைத் தடவிப் பார்த்தது. இஸ்திரி மடிப்பு கலைந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"திடலு வரைக்கும் ஹெட்லைட் இருக்குமே," என்றார்.

"மாட்டேன்னு சொல்லிடுங்களேன். காய்ச்சல்னு சொல்லுங்க."

"சண்டை போட்டு வாங்கினவன் ரெண்டு மணி நேரத்துல காய்ச்சல்னு சொன்னா அந்த டைம் கீப்பரு நம்புவானா? நேரா மெடிக்கலுக்கு அனுப்புவான். இருட்டு ரூம்ல உக்கார வெச்சு ஒரு பொட்டு வெளிச்சத்தக் காட்டி, தெரியுதான்னு கேப்பான். அதோட முடிஞ்சுது. இருபத்தாறு வருஷம், ஒரு கீறல் இல்ல. கடைசியில குருடன்னு சொல்லி இறக்கிவிடுவாங்க." சட்டையைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "ஒரு டிரிப்பு. இந்த ஒண்ணுதான். இதுக்கப்புறம் சாயங்காலத்துப் பக்கமே தலை வெக்க மாட்டேன்."

"நாப்பது பேருப்பா."

"தெரியும்."

"என் கூடப் படிக்கறவங்க."

"தெரியுதும்மா."

மகள் வரைபடத் தாளைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். ஒன்று சொல்ல வாயெடுத்தவள், அப்பாவின் தோளில் கிடந்த அந்தச் சட்டையைப் பார்த்தாள். அது நேற்றுத் துவைத்தது. அவரே உட்கார்ந்து பித்தளைப் பொத்தானைத் துடைத்தது.

"சரி. நான் முன் சீட்டுல உக்காந்துக்கறேன். உங்களுக்குப் பக்கத்துலயே. இடது பக்கம், வலது பக்கம், எதிர்ல எவன் வரான், எல்லாம் நான் பாத்துச் சொல்றேன். நான் சொன்னா நிறுத்தணும். மெதுவான்னா மெதுவா. திடல்ல இறங்கினதும் குள்ள மாமாவ வரச் சொல்லி அவரு ஓட்டித் திரும்பணும். நாளைக்கு டிப்போல நீங்களே உண்மையைச் சொல்லிடணும். சத்தியம்?"

"சத்தியம், கண்ணு."

தையலக்காவுக்கு, வெட்கத்தைவிட்டுச் சொல்வதானால், அப்பாடா என்று இருந்தது. பதினான்கு மாதமாக ஒற்றை ஆளாய்த் தூக்கிய பாரத்துக்கு இன்னொரு தோள் கிடைத்துவிட்டது. மாடியில் அவள் எண்ணினாள். ரோட்டில் மகள் எண்ணுவாள். இளசுக் கண். வானத்தில் இருக்கிற புள்ளியையே படிக்கிற பெண்ணுக்கு, எதிரில் வருகிற லாரி தெரியாதா?

இருவரும் ஐந்தேகாலுக்குக் கிளம்பினார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தாள். வெயில் இன்னும் இருந்தது. அப்பாவும் பெண்ணும் கைகோத்துக்கொண்டு டிப்போ பக்கம் நடந்தார்கள். யார் பார்த்தாலும் கொடுத்துவைத்த குடும்பம் என்பார்கள்.

ஆறே காலுக்கு விளக்கைப் போட்டாள். அடுக்களை ஜன்னலில் தூரத்து ஏரிக்கரை விளக்குகள் ஒரு வரிசையாக எரிந்துகொண்டிருந்தன, சட்டையில் பித்தளைப் பொத்தான் வைத்த மாதிரி. மறுநாள் கொடுக்க வேண்டிய கால்சட்டை எட்டு இருந்தது. வெட்டுப் பலகையைத் துடைத்தாள்.

பலகைமேல் அந்தத் தாள் கிடந்தது. நட்சத்திர எண்ணிக்கை. வரைபடத்தோடு சேர்த்து நாளைக்குக் கொடுக்க வேண்டியது. சாக்பீஸ் தூள் படக்கூடாதே என்று எடுத்து, குப்புறத் திருப்பி வைத்தாள்.

பின்பக்கத்தில் சிவப்பு மை.

முதலில் அவள் படிக்கவில்லை. கால்சட்டைத் துணியை விரித்தாள். பிறகு, பெண்ணுக்கு அப்படி என்ன திட்டு விழுந்திருக்கிறது என்று பார்க்கிற ஆசை. அந்த ஆசை எந்தத் தாய்க்குத்தான் இல்லை?

'பார்ப்பவர் மூன்று, அதாவது நீங்கள். எல்லாத் திசையிலும் எல்லா நாளும், பார்ப்பவர் ஒன்று எண்ணியதில் பாதிகூட இல்லை. இருட்டுக்குக் கண் பழகுவதற்கு இருபது நிமிடம் காத்திருக்கச் சொன்னேன். காத்திருந்தீர்களா?'

அதற்குக் கீழே பென்சிலில், மகளின் குண்டு குண்டான கையெழுத்து.

'அரை மணி நேரம் காத்திருந்தேன், மேடம். ஐந்து நாளும்.'

தையலக்கா தாளை முன்பக்கம் திருப்பினாள். கிழக்கு: ஒன்பது, எட்டு, நான்கு. வடக்கு: ஏழு, ஆறு, மூன்று. மேற்கு: ஆறு, ஐந்து, இரண்டு. நடுவில் நின்ற பொய் எண்ணிக்கையை யாரும் நம்பவில்லை. கடைசியில் நின்ற நிஜ எண்ணிக்கையை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

பக்கெட்டை எட்டி உதைத்துவிட்டு யாரென்று கேட்டாளாமே. கருக்கலில்.

மாடியில், விளக்கில்லாத இருட்டில், அப்பா தலைக்குமேல் இருந்த அத்தனை பெரிய தொட்டியை ஐந்து நாளும் அவள் பார்க்கவில்லையே.

பட்டன் டப்பாவைக் கவிழ்த்தாள். பொத்தான்கள் பலகை தாண்டித் தரையெல்லாம் ஓடின. சீட்டை எடுத்தாள், பிரிக்கவில்லை. படிக்க வேண்டிய தேவையும் இல்லை. இரண்டாவது வரி அவளுக்கு எப்போதும் மறந்ததே இல்லை. 'இது இரத்த வழியில் வரக்கூடியது. பிள்ளைகளையும் அழைத்து வந்து பரிசோதிக்கவும்.' அழைத்துப் போனால் மகளுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்றுதான் போகவில்லை. அவ்வளவுதான் காரணம். அவ்வளவு சின்னக் காரணம்.

மகளின் போன் அணைந்திருந்தது. களப் பயணத்து விதி. வீட்டுக்காரர் ஸ்டியரிங்கில் இருந்தால் போனை எடுக்கவே மாட்டார். இருபத்தாறு வருஷத்து ஒழுக்கம். மிஞ்சியது டிப்போ.

"டிப்போ," என்றார் டைம் கீப்பர், எதையோ மென்றுகொண்டு.

"நான்… அஞ்சு நிமிஷத்தோட வீட்லருந்து பேசறேன்."

"சொல்லுங்கம்மா. என்ன விசேஷம்?"

"அந்தக் காலேஜ் வண்டிய நிறுத்துங்க."

"எப்படிம்மா நிறுத்தறது? ஆறு இருபத்தஞ்சுக்கே எடுத்துட்டாரே உங்க வீட்டுக்காரரு. பசங்க எல்லாம் ஏறியாச்சு, எதுக்கு நிக்கணும்னாரு. அஞ்சு நிமிஷம் பேரைக் காப்பாத்திட்டுப் போயிட்டாரு. இந்நேரம் ஏரிக்கரை திரும்பியிருக்கும்."

"அவருக்கு இருட்டுல கண்ணு தெரியாது."

பதினான்கு மாதமாக எந்த வாக்கியம் வெளியே போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ, அது போய்விட்டது. மறுமுனையில் மெல்லுகிற சத்தம் நின்றது. நாற்காலி நகர்ந்தது.

"என்னம்மா சொல்றீங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. மறைச்சுட்டோம். யாரையாவது பைக்கில அனுப்புங்க. போலீஸுக்குச் சொல்லுங்க. எப்படியாவது நிறுத்துங்க."

"இருங்க, இருங்க. பதறாதீங்க." பதறாதீங்க என்றவரின் குரல்தான் பதறியது. "உங்க பொண்ணு பக்கத்துலயே உக்காந்திருக்காம்மா. முன் சீட்டுல. அப்பாவுக்கு வழி சொல்லிட்டே போறேன்னு சிரிச்சுட்டுப் போச்சு. அது பாத்துச் சொல்லுமில்ல?"

தையலக்கா அடுக்களை ஜன்னலைப் பார்த்தாள். ஏரிக்கரை விளக்குகள் தூரத்தில் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. கடிகாரம் ஆறு நாற்பத்துநான்கு.

"அவளுக்கும் கண்ணு தெரியாதுங்க," என்றாள். "அது அவளுக்கே இன்னும் தெரியாது."

அந்தப் பக்கம் போன் மேஜைமேல் விழுகிற சத்தமும், யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிற சத்தமும் கேட்டன. தையலக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சொன்ன சொல் தவறாதவர்கள் வானியல் துறைக்காரர்கள். கரையின் முதல் விளக்கிலிருந்து கடைசி விளக்கு வரைக்கும், யாரோ ஒரே இழுப்பில் நூலை உருவிய மாதிரி, மொத்த வரிசையும் அணைந்தது.